அப்பாவுக்குப் பிசியோ நடக்கிறது, ஆக்குபேஷனல் தெரபியும் வேண்டுமா? சட்டை போடச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒரு நிபுணரா?

நூல்கண்டு:

வணக்கம். கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. ஏழு வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு, அதனால் இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது கைத்தடியோடு, பக்கத்தில் ஓர் ஆள் நின்றால், கூடத்தைக் கடந்துவிடுகிறார். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றுவரை தூக்க முடியாத காலை இன்று தூக்குகிறார், கண்ணெதிரே தெரிகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரியில் 'ஓ.டி.' என்று எழுதியிருந்தது. அம்மா அதை ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து, இன்னொரு அறுவை சிகிச்சையா என்று அழுதேவிட்டார். விசாரித்தால் ஆக்குபேஷனல் தெரபியாம். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஏற்பாடு செய்தேன்.

போன வாரம் அந்தம்மா வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், கட்டிலில் எந்தப் பக்கமாக இறங்குவீர்கள், ராத்திரி பாத்ரூம் போக யார் எழுப்புவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டில் எவ்வளவு உயரம், பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் என்று டேப் வைத்து அளந்தார். அப்புறம் அப்பாவின் மடியில் ஒரு சட்டையை வைத்து, "போட்டுக் காட்டுங்கள் ஐயா" என்றார்.

என் அப்பா தையல்காரர். 41 வருடம் சட்டை தைத்தவர். அந்தச் சட்டையும் அவர் தைத்ததுதான்.

வெகுநேரம் அதை மடியிலேயே வைத்திருந்தார். அப்புறம் வலது கையை நுழைத்தார். இடது கைப்பக்கம் முதுகில் அப்படியே தொங்கியது. தொங்கத் தொங்கவே பட்டன் போட முயன்றார். அம்மா தாங்காமல் எழுந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு அந்தம்மா ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் போன பிறகு, "இனிமேல் அந்தப் பொண்ணு முன்னாடி நான் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

கை சரியானால் சட்டை தானாகப் போட வந்துவிடாதா? அதற்குத்தான் பிசியோ நடக்கிறதே. போதாததற்கு அவர் ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கிறார். தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிடுகிறார், கேட்டால் முடித்துவிட்டேனே என்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பதிலே சொல்வதில்லை. நான் கூப்பிட்டால் சொல்கிறார். அம்மாவுக்கு அதில் தனி வருத்தம். இந்த நிலையில் இன்னொரு சிகிச்சையை அவர்மேல் திணிக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்_படி:

எங்கள் மாமாவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். நாலு தடவை வந்தார், டப்பாவில் குச்சிகளைச் செருகி எடுக்கச் சொன்னார். சின்னக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டோம். பிசியோவையே தினமும் செய்யுங்கள், போதும். காசும் மிச்சம்.

இடக்கைக்காரி:

16 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிதான் என் வேலை. நூல்கண்டு, முதலில் இரண்டே கேள்வி. உங்கள் எரிச்சலுக்கு அப்புறம் வருகிறேன்.

தட்டில் அப்பா வைத்துவிடுவது எந்தப் பாதி? அம்மா எந்தப் பக்கம் உட்காருகிறார்?

நூல்கண்டு:

இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். இடது பாதிதான் மிஞ்சுகிறது. அம்மாவும் இடது பக்கம்தான் உட்காருவார், தளர்ந்த கையைப் பிடித்துவிட வசதி என்று. ஏன்?

இடக்கைக்காரி:

நினைத்தேன். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்மேல் அப்பாவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு 'நெக்லெக்ட்' என்று ஒன்று வரும். இடப்பக்கப் புறக்கணிப்பு என்று தமிழில் சொல்லலாம், ஆனால் அவர் வேண்டுமென்று எதையும் புறக்கணிப்பதில்லை. இடது என்று ஒரு பக்கம் இருப்பதாகவே மூளை கணக்கில் எடுப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை தட்டு காலியாகிவிட்டது, அதனால்தான் முடித்துவிட்டேன் என்கிறார். சட்டைக்கும் இடக்கை என்று ஒன்று அவர் கணக்கில் இல்லை. கை பலமில்லாததால் மட்டும் அது முதுகில் தொங்கியிருக்காது. பலமில்லை என்றால் மனிதர் வலது கையால் இழுத்துப் போராடுவார், முடியவில்லை என்று அலுத்துக்கொள்வார். உங்கள் அப்பா அதை விட்டுவிட்டுப் பட்டனுக்குப் போய்விட்டார்.

இங்கிருந்துகொண்டு நான் உறுதியாகச் சொல்லக் கூடாது. பார்வைப் புலத்தில், அதாவது கண் ஒரே நேரத்தில் காணும் பரப்பில், பாதி போயிருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். ஆனால் கண் பக்கம் கோளாறு உள்ளவர் பெரும்பாலும் அதை உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார், நெக்லெக்ட் உள்ளவருக்கு ஒன்று குறைகிறது என்றே தெரியாது. இரண்டும் சேர்ந்தும் வரும். உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் அந்தத் தெரபிஸ்டிடமும் தட்டு விஷயத்தையும் அம்மா விஷயத்தையும் இந்த வாரமே சொல்லுங்கள். மனச்சோர்வையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கவாதத்துக்குப் பிறகு அதுவும் சகஜம்தான்.

இது கண்ணில் இல்லை, கவனத்தில் இருக்கிறது என்பதற்கு நான் படித்த காலத்திலிருந்து மறக்காத ஒன்று உண்டு. 1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனதுக்குள் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். இப்போது எதிர்ப்பக்கம், பேராலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினையுங்கள் என்றதும், முதலில் விட்டுப்போன கட்டடங்கள் வந்தன, முதலில் சொன்னவை போய்விட்டன. நினைவிலிருக்கும் ஊரிலேயே இடப்பக்கம் காணாமல் போகிறது என்றால் தட்டு எந்த மூலைக்கு?

இப்போது உங்கள் கேள்வி. கை சரியானால் சட்டை தானாக வராதா?

வராமல் போகலாம். அதுதான் சிக்கல். கையில் முழு பலம் வந்த பிறகும், அந்தக் கை தனக்கு உண்டு என்ற நினைப்பு இல்லாமல் ஒருவர் சட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாகவும் பார்த்திருக்கிறேன். விரல் ஒன்றுகூட அசையாதவர், மூன்று வாரத்தில் தானே உடை மாற்றிக்கொண்டார். தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும், இவ்வளவுதான் சூத்திரம். இதையே மடியில் சட்டையை எப்படி விரிப்பது, காலரை எந்தப் பக்கம் வைப்பது என்று துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்குவது எங்கள் வேலை. பிசியோதெரபிஸ்ட் காலுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிறார். அந்தக் காலை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத் தரையில் பாத்ரூம் போய்த் திரும்பி வருவது எப்படி என்பது என் பாடு. நடுவில் கோடு கிழித்தமாதிரி இருக்காது, நிறைய இடத்தில் இருவர் வேலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். ஒருவர் இருப்பதால் மற்றவர் வேண்டாம் என்றாகிவிடாது.

பாதிக் குழப்பம் பெயரால் வருகிறது. 'தொழில்வழிச் சிகிச்சை' என்று மொழிபெயர்த்து வைத்தார்கள், வேலை வாங்கித் தருவோம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. ஆக்குபேஷன் என்றால் இங்கே ஒருவர் தன் நாளை எதைக்கொண்டு நிரப்புகிறார் என்பது. பல் தேய்ப்பதும் அதுதான், பேரனுக்குக் கதை சொல்வதும் அதுதான். இந்தப் பெயரை வைத்தவர் மருத்துவரே இல்லை. ஜார்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். காசநோய், காலில் அறுவை, அப்புறம் இடப்பக்கம் செயலிழப்பு என்று வரிசையாகப் பட்டவர். கருவிகளைக் கையில் எடுத்துத் தோட்ட வேலையும் மர வேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டார். 1917இல் அவர் வீட்டில் கூடிய ஒரு சிறு குழு இதற்கென்று சங்கம் தொடங்கியது. நோயாளியாக இருந்தவர் தொடங்கி வைத்த துறை இது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தம்மா உதவாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. கை தானாக நீண்டுவிடும். அம்மா எழுந்து அந்தக் கையை நுழைத்துவிட்டிருந்தால், சட்டை போட்டுக்கொண்டார் என்று மட்டும்தான் தெரிந்திருக்கும். எந்த இடத்தில் தடம் மாறுகிறார் என்பது தெரிந்திருக்காது. நோயாளியிடம் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டுச் சமையலறை மூலையில் நான் சும்மா நிற்பேன். பாத்திரத்தை எடுப்பார், தண்ணீர் பிடிப்பார், அடுப்பைப் பற்ற வைப்பார், எல்லாம் அழகாக இருக்கும். கொதித்ததும் இறக்கிவிட்டு அடுப்பை அணைக்காமல் வந்து உட்காருவார். கை பலத்தை அளக்கிற எந்தக் கருவியும் அதைச் சொல்லாது.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் அப்பா பக்கம்தான் நான். 41 வருடம் சட்டை தைத்தவர் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சட்டையைக் கொடுத்திருக்க மாட்டேன். அவருக்கு அது சாதாரணச் சட்டை இல்லையே. அந்தத் தெரபிஸ்ட் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாரா, நீங்கள் சொன்னீர்களா? கேட்கவில்லை என்றால் அது அவர் தவறு. எங்களிடம் கனடாவில் உருவாக்கி 1991இல் வெளியிட்ட ஓர் அளவுகோலே இருக்கிறது. நோயாளிக்கு எது முக்கியம், அதை இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் அவருக்கு எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவரையே மதிப்பெண் போடச் சொல்வோம். நான் போடுகிற மதிப்பெண் இல்லை, அவர் போடுவது. அப்பாவிடம் அதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

தெரபிஸ்ட் மறுபடி வரும்வரை சில விஷயம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள்மூட்டு நழுவி வலி பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் விடாது. தண்ணீர், அழைப்பு மணி, போன் எல்லாம் வலது பக்கம் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். முக்கியமான பேச்சை எதிரே உட்கார்ந்து பேசுங்கள். அதற்காக அம்மா இடது பக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை, முதலில் அந்தக் கையைத் தொட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தலை திரும்பும்வரை காத்திருந்து பேசட்டும். நடக்கும்போது இடப்பக்க நிலைக்கால் மேல் ஒரு கண் இருக்கட்டும், தோளை இடித்துக்கொள்வார்.

மூன்றாம்_படி, குச்சி செருகுவது எதற்கு என்று உங்களுக்குச் சொல்லாமல் செய்ய வைத்திருந்தால் நீங்கள் நிறுத்தியதில் தப்பில்லை. நானே நிறுத்தியிருப்பேன். ஆனால் காசு மிச்சம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்க மருத்துவமனைகளின் செலவுக் கணக்கை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. இதயச் செயலிழப்பு, நிமோனியா, மாரடைப்பு மூன்றிலும், நோயாளிகள் திரும்ப வந்து சேருவது குறைந்ததோடு தொடர்பு காட்டிய ஒரே செலவினம் ஆக்குபேஷனல் தெரபிதான். தொடர்புதான், இதனால்தான் அது என்று நிரூபணமாகிவிடவில்லை. இருந்தாலும் யோசித்தால் வியப்பில்லை. இவர் வீட்டுக்குப் போனால் மாத்திரை டப்பாவைத் திறக்க முடியுமா, தனியாகக் குளிக்க முடியுமா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்கிற ஆள் நாங்கள்தானே.

சுண்டுவிரல்:

பக்கவாதம் இல்லை, என் கதை வேறு. ஆனாலும் சொல்கிறேன்.

கண்ணாடி குத்தி வலது கையில் இரண்டு விரலின் தசைநாண் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் ஓ.டி.யிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, மெத்தென்று ஆனதும் என் புறங்கைமேல் படிய வைத்து, சில நிமிடத்தில் ஸ்பிளிண்ட் செய்துவிட்டார். இறுக்கிக் கட்டி வைப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, விரல் நிமிராமல் தடுக்கும், ஆனால் உள்பக்கம் மடங்க இடம் விடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு தூரம் மடக்க வேண்டும் என்று கணக்கு. அசைக்காமலே விட்டால் தசைநாண் சுற்றியுள்ளதோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் அசைத்தால் தையல் அறுந்துவிடும். ஆறு வாரம் அந்த நடுப்பாதையிலேயே போனேன்.

ஐந்தாம் வாரம் நானே ஸ்பிளிண்டைக் கழற்றிவிட்டு ஒரு வாளியைத் தூக்கப் போனேன். வீட்டில் பார்த்துக் கத்தியதால் பிழைத்தேன். அந்தத் தெரபிஸ்ட் திட்டவில்லை. "எதற்கு அந்த வாளி?" என்று கேட்டார். குளிக்கத்தான். அடுத்த பதினைந்து நிமிடம் ஒற்றைக் கையால் குளிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். முதல் வாரமே சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

நூல்கண்டு:

பத்து நாள் கழித்து வருகிறேன். மருத்துவர் பரிசோதித்துவிட்டு நெக்லெக்ட்தான் என்று சொல்லிவிட்டார். பார்வைப் புலம் சரியாக இருக்கிறதாம். இதைக் கேட்டதும் அம்மா முதலில் செய்தது, அப்பாவின் இடது பக்கம் போய் உட்கார்ந்ததுதான். இப்போது தொட்டுக் கூப்பிடுகிறார், கொஞ்சம் தாமதமாகத் தலை திரும்புகிறது.

தையல்காரர் என்று தெரபிஸ்டிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. 'ஓய்வு பெற்றவர்' என்று நான்தான் படிவத்தில் எழுதியிருக்கிறேன். அவர் போனிலேயே ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த முறை அவருடைய இன்ச் டேப்பும் சாக்பீஸும் எடுத்து வையுங்கள்" என்றார்.

வந்தார். சட்டை இல்லை. அப்பாவின் முன்னால் மேஜைமேல் ஒரு முழத் துணியை விரித்து, "ஐயா, அளக்காமல் கண்ணாலேயே நடுவில் ஒரு கோடு போடுங்கள்" என்றார். அப்பா சிரித்தார். டேப் இல்லாமல் நடுவை மடிக்கிறவர் அவர், கடையில் எல்லோருக்கும் தெரியும். சாக்பீஸை எடுத்துத் தயக்கமில்லாமல் ஒரே இழுப்பில் போட்டார். கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் வலது பக்கம் நாலு விரல் தள்ளி இருந்தது.

அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. டேப்பை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா வலது முனையிலிருந்து கோடுவரை அளந்தார். அப்புறம் கோட்டிலிருந்து இடது முனைக்கு டேப்பை இழுத்துக்கொண்டே போனார், போனார், முனை வரவே இல்லை. தெரபிஸ்ட் துணியின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பனை ஒட்டி, "இது கண்ணில் படும்வரை போங்கள்" என்றார். பட்டது. டேப்பில் எண்ணைப் பார்த்தார். மறுபடி வலது பக்கம் அளந்தார். நாங்கள் ஏழு வாரமாகச் சொல்லாததை அந்த டேப் சொல்லிவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து, "இப்படியா வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். தினமும் காலையில் துணி விரிக்கிறோம். நேற்று இரண்டு விரல்தான் தள்ளியிருந்தது, முந்தாநாள் மூன்று, இன்று மறுபடி மூன்று. தட்டுக்கும் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். சட்டை இன்னும் அம்மாதான் போட்டுவிடுகிறார், அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இடக்கைக்காரி அக்கா, ஒரு கேள்வி. துணியை வெட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார். பெரிய கத்தரிக்கோல்தான் அவர் பழக்கம். கொடுக்கலாமா?

இடக்கைக்காரி:

இப்போது வேண்டாம். துணியை அழுத்திப் பிடிப்பது இடது கை, அந்தக் கை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு இன்னும் பாதி நேரம் தெரியாது. கத்தரிக்கோல் அதன்மேலேயே போகும். இஸ்திரிப் பெட்டியும் தையல் மெஷினும் அதே கணக்குத்தான். எப்போது கொடுக்கலாம் என்பதைத் தெரபிஸ்ட் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும்.

அதுவரை கலந்து கிடக்கிற பட்டன்களை ஒரு நீளத் தட்டில் கொட்டி நிறவாரியாகப் பிரிக்கக் கொடுங்கள். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் இருக்கட்டும், இடது கையைத் தட்டின்மேல் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். எதற்கு இந்த வேலை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சீக்கிரம் களைத்துவிடுவார்.

இரண்டும் மூன்றுமாக ஏறி இறங்குவதைத் தேதியோடு எழுதி வையுங்கள். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள், நோட்டின் இடது ஓரத்திலிருந்து.